கோபுரத்தின் மேல் மஞ்சள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறவன் அவன். நாற்பதடி இரும்புப் பெட்டியைக் கவ்வித் தூக்கி ஐந்தாவது அடுக்கில் நோகாமல் இறக்கி வைக்கிற வண்டி அது. அதன் கேபினில் உட்கார்ந்தவன் மனதை வேறெங்கும் மேயவிடக் கூடாது. அவன் மனமோ எட்டரை மணியிலிருந்து மணிலாவில், இந்தியத் தூதரகத்தின் விசா கவுண்டர் முன்னால், ஏழு மாதக் கர்ப்பிணியான தன் மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது. கேபினில் போனைத் தொட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். மூன்றாவது முறை அதிர்ந்தபோது அவன் பெட்டியை ஒரு சாண் தள்ளி, கோணலாக இறக்கினான். கீழேயிருந்து சூப்பர்வைசர் ஆறுமுகநயினாரின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பட்டணத்துக்கு வந்து இருபது வருடமாகியும் கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"ஏ பாரி, கண்ணு எங்கடே இருக்கு?"

"சாரி சார். வூட்டுக்காரிக்கு இன்னிக்குதான் விசா."

"அதுக்கு எவன் தலையிலயாவது பெட்டிய எறக்கிருவ போலிருக்கே. எறங்கி வா. ஒரு டீயக் குடி, போனப் பேசு, புத்திய எடுத்து மண்டைக்குள்ள வச்சுட்டு வந்து ஏறு."

பாரி ஏணியில் இறங்கவில்லை, குதித்தான் என்றே சொல்ல வேண்டும்.

ரோவேனா வீடியோவில் வந்தாள். தூதரகக் கட்டடத்துக்கு வெளியே ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய கால்களை நீட்டியிருந்தாள். இருவரும் பேசிக்கொள்வது ஷார்ஜாவில் பழகிய ஓட்டை ஆங்கிலம். அங்கே அவன் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டினான், அவள் ஒரு கிளினிக்கில் உதவியாளாக இருந்தாள். அந்த ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் அவர்களுக்கு மட்டும்தான் புரியும். ஆகவே தமிழில் சொல்லிவிடுகிறேன்.

"விண்ணப்பத்தை வாங்கவில்லை, பாரி. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்."

"ஏன்?"

"கல்யாணச் சான்றிதழில் ஏதோ கறை. முத்திரை மேலேயே இருக்கிறது. மை கரைந்து தேதி தெரியவில்லை. திருத்தினீர்களா என்று கேட்டார்கள். புதுப் பிரதி கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த தேதி பதிமூன்று நாள் கழித்துத்தான்."

அவள் அந்தத் தாளைப் பிரித்துக் காட்டினாள். மணிலா வெயில் அதன்மேல் அடித்தது. தாளின் தலைப்பில், முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சளாக ஒரு திட்டு. பாரி பார்த்தான். குழம்பு என்று நினைத்தான். அடுத்த நொடியே, அம்மா என்று நினைத்தான்.

அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. போன வருடம் ரோவேனா டூரிஸ்ட் விசாவில் சென்னைக்கு வந்தாள். ராயபுரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கினாள். பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மாத நோட்டீஸ் போட்டு, இரண்டு நண்பர்களையும் தங்கை மதியையும் சாட்சி வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பாரியின் அம்மா பூவம்மா வரவில்லை. பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை, ஒரு ஜனத்தைக் கூப்பிடவில்லை, இதுக்குப் பேரு கல்யாணமா என்று கேட்டாள். விசா முடிய இன்னும் நாற்பதே நாள் இருக்கிறது, பந்தலுக்கு எங்கே போவது என்று இவன் கேட்டான். அந்த நாற்பது நாளும் டோல்கேட் பக்கம் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். ரோவேனா ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பிள்ளை உண்டாகியிருப்பது தெரிந்தது. அதற்கப்புறம் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதற்கே மாதக்கணக்கில் ஆனது. இத்தனை மாதத்தில் பூவம்மா மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வீடியோ கால் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இன்றோடு இருபத்தொன்பது வாரம். முப்பத்திரண்டு தாண்டினால் ஏற்ற மாட்டோம் என்று விமானக் கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். பதிமூன்று நாள் கழித்துக் கவுண்டர், அதற்கப்புறம் அவர்கள் பரிசீலிக்க ஒரு வாரமோ பத்து நாளோ. பாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினான். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் இடித்தது.

பிள்ளை இங்கே பிறக்க வேண்டும், தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு வெறியே இருந்தது. அவன் பிறந்தபோது அப்பா சுப்பராயன் கப்பலில் இருந்தார். மகன் முகத்தை அவர் முதலில் பார்த்தது அவனுக்குப் பதினொரு மாதம் ஆனபோது. அப்பனைப் பார்த்ததும் குழந்தை யாரோ பிள்ளைபிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று வீறிட்டு அழுததாம். இரண்டு நாள் கிட்டவே போகவில்லையாம். வீட்டில் இதை எல்லோரும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். பாரிக்கு மட்டும் ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவன் அரை நாள் லீவு கேட்டான். ஆறுமுகநயினார் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட்டார்.

ஷேர் ஆட்டோ டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. துறைமுகத்துக்குப் போகிற வரிசை எண்ணூரிலிருந்தே நின்றது. பாரி பாதி வழியில் இறங்கி நடந்தான். நடக்க நடக்க, சொல்ல வேண்டிய வார்த்தைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தன. சான்றிதழ் வைத்த கூரியர் கவரை முந்தின வாரம் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, காலையில் அனுப்பிவிடு என்று மதியிடம் சொல்லிவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போயிருந்தான். இடையில் அந்தக் கவரைத் தொடக்கூடியவள் ஒருத்திதான்.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டைப் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் அவர்களுடையது. பூவம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட மதியும் அங்கேதான் இருந்தாள். ரோவேனா அவளுக்கும் போன் பண்ணியிருந்தாள் போலிருக்கிறது, முகம் வெளிறிக் கிடந்தது.

"யம்மா, அந்தக் கவர பிரிச்சியா?"

"பிரிச்சேன். அதுக்கு இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துற?"

"குழம்ப ஊத்தினியா அதுமேல?"

பூவம்மா மீனைக் கீழே வைத்தாள். "குழம்பா? நான் இன்னாத்துக்குடா அதுல குழம்ப ஊத்தப் போறேன்?"

"அப்ப அது இன்னா மஞ்சளா கீது? அந்தப் பொண்ணு காலு வீங்கிப்போயி மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்து நின்னுகினு கீது. கவுண்டர்ல இந்தப் பேப்பர் செல்லாதுன்னு திருப்பிக் குட்த்துட்டாங்க. உனுக்கு அவ இங்க வரக்கூடாது, அவ்ளோதான? அத்த வாயத் தொறந்து சொல்லிட்டுப் போறது. எதுக்கு இந்தக் கலீஜ் வேல?"

"அண்ணா, கொஞ்சம் வாய மூடு," என்றாள் மதி. "அது மஞ்சாண்ணா. அம்மா மஞ்சா வச்சிச்சி. நான் பாத்துகினுதான் இருந்தேன். நல்லதுதானேன்னு நானும் வுட்டுட்டேன்."

பாரிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "மஞ்சாவா?"

பூவம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"நல்ல காரியத்துக்கு அனுப்புற காயிதத்த மொட்டையாவா அனுப்புவாங்க? இவளுக்குப் பத்திரிகை அடிச்சப்ப நானூறு பத்திரிகைக்கும் நான்தான் குந்திகினு மஞ்சா வச்சேன். விரலு எட்டு நாளைக்கு வெளுக்கல. உனுக்கு ஒரு பத்திரிகை அடிச்சியா நீ? உன் பேரும் அந்தப் பொண்ணு பேரும் சேத்துப் போட்ட காயிதம்னு இந்த வூட்ல அது ஒண்ணுதான் கீது. அதான், நாலு மூலைக்கும் வச்சேன்."

"மூலைக்கு வச்ச, சரி. முத்திர மேல ஏம்மா வச்ச?"

"மேல கோபுரம் போட்டிருந்திச்சி. பத்திரிகைல சாமி படத்துக்கு வெக்க மாட்டாங்களா? அதுக்கும் ஒரு பொட்டு வச்சேன். அது சர்க்காரு கோபுரம், அதத் தொடக்கூடாதுன்னு எனுக்கு இன்னா தெரியும் நைனா?"

அரசாங்கத்துச் சின்னத்தில் கோபுரத்தை வரைந்தவர்கள் இப்படி ஒரு தாய் வருவாள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கோபுரத்துக்குப் பக்கத்திலேயே பதிவாளரின் முத்திரையும் தேதியும். ஈர மஞ்சள் பட்டதும் ஊதா மை கரைந்து ஓடியிருக்கிறது.

பாரி சுவரில் சாய்ந்து நின்றான். அவள் அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை, வரவேற்றிருக்கிறாள். ஆறேழு மாதமாக வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லியிருக்கிறாள். அது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் கோபம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கோபம் இன்னும் ஏறியது. மனிதன் அப்படித்தான். தப்பு செய்தவள் கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு தின்னலாம்.

"நீ வச்ச மஞ்சா, என் கொயந்தைய அங்கியே பொறக்க வச்சிடும்," என்றான்.

சொல்லியிருக்க வேண்டாம். பூவம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். மதி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுவும் உன்ன ஒண்டியாதான் பெத்துச்சி. நெனப்பு வச்சுக்கோ," என்றாள்.

அதற்கப்புறம் அவன் ஓடிய ஓட்டம் கொஞ்சமில்லை. மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் வேலை செய்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பாரி யார்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் அலைந்தான். பெஞ்சில் உட்கார்ந்தால் தொடை ஆடியது, நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பி வந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் புதுப் பிரதி கைக்கு வந்தபோது அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே கூரியர் கடைக்குப் போனான். வீட்டு வாசல்படியை அந்தத் தாள் தாண்டக் கூடாது என்று அவனுக்கு ஒரு பயம்.

பூவம்மா அந்த வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பூசவில்லை. மதியின் மகனுக்குப் பிறந்தநாள் சட்டை எடுத்து வந்தபோது, வழக்கமாகக் காலரில் வைக்கிற பொட்டையும் வைக்காமல் அப்படியே பையோடு கொடுத்து அனுப்பினாள். பாரி இதையெல்லாம் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான். வாய்க்குள் வந்தது அத்தனையும் வாரக் கணக்காகவே இருந்தது.

ரோவேனா பதிமூன்றாம் நாள் மறுபடி பஸ் ஏறினாள். இந்த முறை கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பாரி இணையத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தான். காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தான், டீக்கடையில் பார்த்தான், ஷிப்டு முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னால் பார்த்தான். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வரி. ஆறுமுகநயினார்கூட அவன் இறங்கி வரும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிக் கேட்பார், இவன் தலையை ஆட்டுவான்.

விசா வந்தது. முப்பத்திரண்டு வாரம் முடிந்து நான்காவது நாள் வந்தது.

ரோவேனா பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பாரி டீக்கடை பெஞ்சில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அவள் பெயர், அதற்குக் கீழே இந்தியக் குடிமகனின் மனைவி என்கிற குறிப்பு, எல்லாம் சுத்தமாக இருந்தது. விமானக் கம்பெனிக்குப் போன் போட்டான். நான்கு நாள்தானே என்று கெஞ்சினான். விதி விதிதான் என்றார்கள்.

"விசா வந்துட்டுல்லா, என்ன முழிக்க? கேசரி வாங்கு," என்றார் ஆறுமுகநயினார்.

"வந்திச்சி சார். நாலு நாள் லேட்டு."

அவர் அப்புறம் கேசரி கேட்கவில்லை. இவன் மணிலாவுக்குப் போய்விட்டு வரலாமா என்றும் பேச்சு வந்தது. ஒப்பந்த வேலையில் பதினைந்து நாள் லீவு கேட்டால் திரும்பி வரும்போது கேபினில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். மனைவியும் பிள்ளையும் வரப்போகிற நேரத்தில் வேலையில்லாமல் நிற்க முடியாது என்று ரோவேனாவே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம். நியாயம் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா.

குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்தது. பெண். ரோவேனாவின் அண்ணன் போனைப் பிடித்துக் காட்டினான். துணிச் சுருளுக்குள் சிவந்த ஒரு முகம், தலை நிறைய முடி. பாரி சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். பதினொரு மாதம் கழித்துத் தன்னைப் பார்த்து இதுவும் வீறிடுமோ என்று ஒரு நொடி தோன்றியது.

"அம்மா எங்கே?" என்று கேட்டாள் ரோவேனா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

பாரி திரும்பினான். பூவம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். இந்த முறை உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இடையில் ஒரு பாஷையும் இல்லை. பூவம்மா போனையே பார்த்துக்கொண்டு மகனிடம் கேட்டாள்.

"தாயி சாப்டுச்சான்னு கேளு."

பாரி கேட்டான். சூப் குடித்தேன் என்றாள் ரோவேனா. பிறகு படுத்தபடியே தலைமாட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கறைபட்ட அந்தப் பழைய சான்றிதழ். "மதி சொல்லிவிட்டாள் இது என்னவென்று," என்றாள். "இதை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். இன்னும் வாசனை போகவில்லை என்று அம்மாவிடம் சொல்."

பாரி தமிழில் சொன்னான். பூவம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் உருட்டுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை, எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது.

தாய்க்கு விசா இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிந்து அதற்கொரு பாஸ்போர்ட் வாங்கினால்தான் இருவரும் ஏற முடியும். மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் காகிதம். பாரி கையெழுத்திட்ட உறுதிமொழி, அவன் பாஸ்போர்ட் நகல், கல்யாணச் சான்றிதழின் இன்னொரு பிரதி. அடுத்த வாரம் அவன் அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துச் சரிபார்த்தான், ஒருமுறை அல்ல, மூன்று முறை. கவரில் போட்டு ஒட்டினான். மேலே ரோவேனாவின் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினான்.

பூவம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கொடியிலிருந்து எடுத்த துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க நடமாடுகிறவள், அன்றைக்கு மேசைப் பக்கமே வரவில்லை. இரண்டு கையும் துணிக்குள்ளேயே இருந்தன.

பாரி ஷூ போட்டுக்கொண்டான். கவரை எடுத்தான். வாசல்வரை போனவன் நின்றான். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளையாக, மொட்டையாக இருந்தது.

ஷூவோடேயே அடுப்படிக்குள் போனான். வேறு நாளாக இருந்தால் அதற்கே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அலமாரியில் மஞ்சள் டப்பா ஒரு மூலையில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, குழாயைத் திறந்து தண்ணீர் விட்டுக் குழைத்தான். கொண்டுவந்து கவரின் ஒரு மூலையில் வைத்தான். அது பொட்டாக நிற்கவில்லை, கோடாக வழிந்து விலாசத்தை நோக்கி ஓடியது. விரலால் தடுத்தான், இன்னும் பரவியது.

பூவம்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். முந்தானையால் அந்தக் கோட்டை ஒற்றி எடுத்தாள். மகனின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தண்ணி ஜாஸ்தி. இப்டி கொழச்சா நிக்குமா?"

டப்பாவைக் கொண்டுவந்து அவன் கையிலேயே இன்னும் கொஞ்சம் பொடி தூவி, கெட்டியாகக் குழைத்து விரலில் எடுத்தாள். கவரின் மேல் விரலை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள்.

"எங்க வெக்கலாம், எங்க வெக்கக் கூடாது, நீயே காட்டு நைனா," என்றாள்.

பாரி ஒவ்வொரு மூலையாகத் தொட்டுக் காட்டினான்.